சிவப்பு மருந்து போட்ட சேவல்

எட்டரை ஆகிவிட்டது. பத்தரை பஸ்ஸுக்கு மகள் பியூலா கிளம்ப வேண்டும். அதற்குள் இந்தச் சேவலுக்கு மருந்து மாற்றி, கூடையில் போட்டு, கையைக் கழுவி, குளித்துச் சேலை மாற்றி நின்றால் நானும் கூடவே போகலாம். வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. வா என்று அவளும் கூப்பிடவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சேவல். வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பழைய டர்க்கி டவலில் இறக்கை இரண்டும் அடங்க அதைச் சுற்றி மடியில் வைத்திருக்கிறேன், தலை மட்டும் வெளியே. இறுகச் சுற்றிவிட்டால் எப்பேர்ப்பட்ட சேவலும் பிறந்த பிள்ளை மாதிரி அடங்கிப்போகும். பிரசவ வார்டில் நாலு வருஷம் குப்பை கொட்டியவளுக்குச் சுற்றுவதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காயங்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன், கேஸ் ஷீட்டில் எழுதுகிற வரிசையில். கொண்டையில் முன்பக்கத்துப் பல் ஒன்று கிழிந்து தொங்குகிறது, ரத்தம் நின்று கறுத்துவிட்டது. இடது கண்ணுக்குக் கீழே வீக்கம், கண் பாதிதான் திறக்கிறது, ஆனால் உள்ளே விழி நன்றாக இருக்கிறது, விரலை ஆட்டினால் கூடவே வருகிறது. பின்மண்டையில் ஐம்பது காசு அகலத்துக்குத் தோலே இல்லை. வலது இறக்கைக்கு அடியில் ஒரு குத்து, வெளியே மிளகு அளவுதான், உள்ளே எவ்வளவு என்று தெரியாது. முப்பத்தொரு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன், அதில் பதினொரு வருஷம் விபத்துப் பிரிவு. கிருபா சிஸ்டர் கை பட்டால் தழும்பே இருக்காது என்று டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கைதான் இதன் பின்மண்டைத் தோலை இப்படி ஆக்கியது என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

தழும்பே இருக்காது. ஐந்து வாரமாக இந்தச் சொல்தான் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. ஐந்து வாரத்துக்கு முன்னால் பியூலா ஒரே ஒரு பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். இனிமேல் புருஷன் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். நானும் சரி என்றேன், தோசை ஊற்றிக் கொடுத்தேன். பெற்றது ஒரே மகள், அவள் அப்பா போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது, வேறு யாரிடம் வருவாள். இன்றைக்குப் பாளையங்கோட்டையில் வக்கீலம்மாவிடம் மனுவைக் கொடுக்கப் போகிறாள். புருஷன் ஜெபஸ்டின் அடித்ததற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும் என்று அந்த அம்மா போனிலேயே மூன்று தடவை கேட்டுவிட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டு, போட்டோ, எக்ஸ்ரே, ஏதாவது ஒரு காகிதம். ஒன்றும் இல்லை என்று பியூலா சொன்னாள். நான் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். காகிதம் இல்லாததற்குக் காரணம் நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, இடது புருவம் பிளந்து ரத்தத்தோடு வந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகாமல், சாப்பாட்டு மேஜை முன்னால் உட்காரவைத்து நானே மூன்று தையல் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், எழுதினால் போலீசுக்குப் போகும், போலீசுக்குப் போனால் ஊருக்கே போகும். அதனால் இருப்பதிலேயே மெல்லிய நூலை எடுத்து, புருவ மயிருக்குள்ளேயே மறைகிற மாதிரி, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் போட்டேன். இன்றைக்குப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அங்கே ஒன்றும் தெரியாது. ஆதாரமாக இருந்திருக்க வேண்டியது அந்தத் தழும்பு ஒன்றுதான், அதையும் நான் இல்லாமல் ஆக்கிவிட்டேன். தையல் போட்டது நான், காயம் இப்படி இருந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதுவே சாட்சி ஆகிவிடும். கொடுத்தால், பெற்ற மகளின் காயத்தை மூடி மறைத்த நர்ஸ் என்று கோர்ட்டில் என் பேரைப் படிப்பார்கள், சபையில் வாய் மூடாமல் பேசுவார்கள். பியூலா எழுதிக் கொடு என்று கேட்கவே இல்லை. கேட்டால் பதில் சொல்லலாம் என்று ஐந்து வாரமாகக் காத்திருக்கிறேன். கேட்காதவளிடம் போய் என்னவென்று ஆரம்பிப்பது.

சேவல் வந்து ஒரு வாரம் ஆகிறது. ஏற்கெனவே இருக்கிற பழைய சேவலுக்கு ஆறு வயசு, நான் வைத்த பேர் ஆர்.எம்.ஓ. காலையில் கூட்டைத் திறந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொரு கோழியாக எட்டிப் பார்த்து ரவுண்ட்ஸ் போகும். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஆர்.எம்.ஓ. என்கிற நிர்வாக டாக்டர் ஒருவர் அப்படித்தான் வருவார், எல்லாரையும் பார்ப்பார், யாருக்கும் ஒன்றும் செய்ய மாட்டார். இதுவும் அந்த நிலைக்கு வந்துவிட்டது. போன மாதம் பதினொரு முட்டையை அடைவைத்து இருபத்தொரு நாள் காத்திருந்ததில் இரண்டே இரண்டு குஞ்சு, மீதி ஒன்பதும் கூமுட்டை. கோழி வியாபாரம் பண்ணுகிற பேச்சிமுத்து வந்து பார்த்துவிட்டு, “பெட்டையில குத்தமில்ல யம்மா, சேவலுக்கு வயசாயிட்டு” என்றான். பழையதை அடித்துக் குழம்பு வைக்க எனக்கு மனசு வரவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும், கூட ஒன்று வாங்கிவிடலாம் என்று இதை வாங்கினேன். பேச்சிமுத்து விவரமாகத்தான் சொன்னான். வந்த உடனே உள்ளே விடாதீர்கள், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நாள் தனியாகக் கட்டிப்போடுங்கள், ஒன்றுக்கொன்று முகம் பழகட்டும், பிறகு ஒரு நாள் பொழுது அடையும் நேரத்தில் கூட்டுக்குள் விடுங்கள், காலையில் எழுந்திருக்கும்போது கூடவே இருந்த மாதிரி நினைத்துக்கொள்ளும் என்றான். நான் தலையை ஆட்டினேன். மூன்று நாள் கட்டிப்போட்டேன், நாலாம் நாள் காலை பத்து மணி வெயிலில் அவிழ்த்துவிட்டேன். வார்டுக்குப் புது ஆள் வந்தால் ஒரு கட்டிலைக் காட்டிப் படுக்கச் சொல்வோம், அரை மணி நேரத்தில் பக்கத்துக் கட்டில்காரியோடு பேசிக்கொண்டிருப்பாள். அந்த நினைப்பு எனக்கு. ஆளைக் கொண்டுபோய் உள்ளே விட்டால் தானாகப் பழகிக்கொள்ளும் என்று நான் நினைத்தது இது முதல் தடவை இல்லை.

பழகவில்லை. ஆர்.எம்.ஓ. வேப்பமரத்தடியிலிருந்து ஓடி வந்த வேகத்தைப் பார்த்தால் அதற்கு ஆறு வயசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டும் பிடரியை விரித்துத் தலையைத் தாழ்த்தி ஒரு நிமிஷம் நின்றன, அவ்வளவுதான், பிறகு புழுதிதான் தெரிந்தது. நான் விளக்குமாற்றை வைத்துக்கொண்டு இங்குமங்கும் போனேன். ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றிய பிறகுதான் பிரிந்தன. பழையதற்கு நாலு இறகு போனதோடு சரி. இதற்குக் கொண்டை கிழிந்து, முகமெல்லாம் கொத்து, இறக்கைக்கு அடியில் பழையதன் கால்முள் குத்து. உடனே தூக்கி வந்து உப்புத் தண்ணீரில் கழுவினேன், கொண்டையில் மஞ்சள்தூளை வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தினேன், காய்ந்ததும் அலமாரியிலிருந்து சிவப்பு மருந்தை எடுத்துத் தாராளமாகத் தடவினேன். ஆஸ்பத்திரிகளில் அதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இருந்தாலும் என் வீட்டில் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும். சைக்கிளில் விழுந்த பிள்ளைகளுக்கு முழங்காலில் அந்தச் சிவப்பு இருந்தால்தான் வைத்தியம் பார்த்த மாதிரி இருக்கும். ராத்திரி கூடையில் கவிழ்த்து வைத்து, மறுநாள் மத்தியானம் பார்த்தேன். நிற்கிறது, கம்பு தின்கிறது, தண்ணீர் குடிக்கிறது. டிஸ்சார்ஜ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பவும் உள்ளே விட்டேன். ஆர்.எம்.ஓ.வைக் காலில் கயிறு போட்டு மரத்தில் கட்டியிருந்தேன், அதனால் பயமில்லை என்று பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டேன். அஞ்சு மணிக்கு வந்து பார்த்தால் சேவல் சுவர் மூலையில் தலையைச் செருகிக்கொண்டு நிற்கிறது, ஒன்பது பெட்டைகளும் அதன் பின்னால். முதலில் நிற்பது மேட்ரன் என்று நான் பேர் வைத்திருக்கிற கறுப்புப் பெட்டை. ஒவ்வொன்றாக வந்து அந்தச் சிவப்பைக் கொத்துகின்றன, கொத்தக் கொத்த உள்ளேயிருந்து இன்னும் சிவப்பு வருகிறது.

பேச்சிமுத்துவுக்குப் போன் பண்ணினேன். “சேப்பு மருந்தா போட்டிய? யம்மா, கோழி சேப்பக் கண்டா விடவே விடாதே. ரத்தம்னுதான நெனைக்கும். ஊதா மருந்து போடணும், அதுலதான் சேப்பு தெரியாது. பொறவு புண்ணு ஆறுத வரைக்கும் தனியாத்தான் வைக்கணும்” என்றான். மூணாங்கிளாஸ் படித்தவன் எனக்குச் சொல்லித் தருகிறான், நானும் சரிப்பா சரிப்பா என்று கேட்டுக்கொள்கிறேன். போனை வைத்த பிறகு வெகு நேரம் வெட்கமாக இருந்தது. காயத்தைக் கழுவுவது, மருந்து போடுவது, அனுப்பிவிடுவது. முப்பத்தொரு வருஷமும் நான் செய்தது இதுதான். எங்கே அனுப்புகிறோம் என்று பார்ப்பது நம் வேலை இல்லை, வாசலுக்கு அந்தப் பக்கம் நம் டிப்பார்ட்மென்ட் இல்லை. விபத்துப் பிரிவில் ராத்திரியும் பகலும் பெண்கள் வருவார்கள், நெற்றி உடைந்து, உதடு கிழிந்து, கை முறிந்து. பக்கத்திலேயே புருஷன் பிளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எப்படிம்மா அடிபட்டது என்று கேட்போம். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் சிஸ்டர் என்பாள். நான் திரும்பி, வழுக்கி விழுந்தாளாம் சார் என்பேன். டாக்டர் எழுதிக்கொள்வார். அத்தனை பாத்ரூமும் அப்படி வழுக்கினால் இந்த மாவட்டத்தில் ஒருத்தியும் குளிக்க முடியாது. அது எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும், கவரைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கும் தெரியும். ஒருத்தி, பேர் ஞாபகமில்லை, ஒரு மழைக்காலத்தில் மட்டும் மூன்று தடவை வந்தாள். மூன்றாவது தடவை, என்னம்மா மறுபடியும் பாத்ரூமா என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அவளும் ஆமாம் என்றாள். நாலாவது தடவை அவள் வரவில்லை. நல்லது, சரியாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன், வேண்டுமென்றே அப்படி நினைத்துக்கொண்டேன்.

உப்புத் தண்ணீர் ஆறி வெதுவெதுப்பாகிவிட்டது. பஞ்சை நனைத்துப் பின்மண்டையில் பிழிகிறேன், தேய்க்கவில்லை, காய்ந்து ஒட்டியது தானாக ஊறி வரட்டும். சேவல் காலை உதறுகிறது, வலிக்கிறது என்று அர்த்தம். இருடா, இருடா. இறக்கைக்கு அடியில் இருக்கிற குத்தைப் பார்த்தால் கை பரபரக்கிறது. ஒரே ஒரு தையல் போட்டால் மூடிவிடும், பார்ப்பதற்கும் சுத்தமாக இருக்கும். ஆனால் குத்துக்காயத்தைத் தைக்கக் கூடாது. மேலே மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் பிடிக்கும், நாலாம் நாள் ஆள் சுருண்டுவிடும். திறந்தே விட்டு அடியிலிருந்து ஆற விட வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் இதைச் சொல்லிக் கொடுப்பேன். சிரிஞ்சில் உப்புத் தண்ணீரை ஏற்றி உள்ளே பீய்ச்சினேன், முதலில் கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்தது. பியூலாவுக்குப் போட்டது குத்துக்காயம் இல்லை, பிளந்த காயம், பிளந்ததைத் தைக்கத்தான் வேண்டும், அதில் தப்பே கிடையாது. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் தைத்தேன், பாவம், அவளைத் துடிக்கவிடவில்லை. முதல் தையலுக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது தையலுக்குக் கண்ணைத் திறந்து என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தையலில் ஒன்றும் சொல்லவில்லை. நானும் எப்படி ஆனது என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரியும், கேட்டால் பதில் வந்துவிடும். நூலைக் கத்தரித்தேன். மறுநாள் இரண்டு பேரும் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்குப் போனோம், முந்தானையைக் கொஞ்சம் தலைக்கு மேலே இழுத்துவிட்டிருந்தாள், ஒருத்தருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை மாத்திரையைக் கட்டிக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டேன். டிஸ்சார்ஜ்.

போன் அடிக்கிறது. துவைக்கிற கல்லில் வைத்திருந்தேன், முழங்கையால்தான் அமுக்க முடிந்தது. ஜெபஸ்டினின் சித்தப்பா துரைராஜ், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். “கிருபா சிஸ்டர், நல்லாருக்கியளா? பிள்ள இன்னைக்கு வக்கீலப் பாக்கப் போறான்னு கேள்விப்பட்டேன்.” ஆமாம் என்றேன். “கொஞ்சம் பொறுத்துப் போவச் சொல்லுங்க சிஸ்டர். படிச்ச பிள்ள. கல்யாணமான புதுசுல எல்லா வீட்டுலயும் அப்பிடி இப்பிடின்னு இருக்கத்தான் செய்யும், போவப் போவப் பழகிரும். நாங்க என்ன பழகலையா?” நாலு வருஷம் ஆகப் போகிறது சார் என்றேன். “இருக்கட்டும். நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். இவன் கைய நீட்டினான்னு ஒரு துண்டுச் சீட்டு கெடையாது பாத்துக்கிடுங்க. நாளைக்கிக் கோர்ட்டுல எறங்கி நின்னா நம்ம பிள்ளைக்குத்தான அசிங்கம்? நீங்களே ஆஸ்பத்திரில இருந்தவிய, உங்களுக்குத் தெரியாததா?” அந்தக் கடைசி வார்த்தையை அவர் மெதுவாகச் சொன்னார். அவருக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்பதும் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் பேசுகிறார். பதில் சொல்லியிருக்கலாம். “கையில சேவல் இருக்கு சார், பொறவு பேசுதேன்” என்று சொல்லிவிட்டு முழங்கையாலேயே அணைத்தேன்.

பியூலா ஈரத் துண்டை எடுக்கப் பின்னால் வந்தவள் நின்றாள். “யாரும்மா போன்ல?” பேச்சிமுத்து என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. “இங்கன வந்து இத்தக் கொஞ்சம் பிடிட்டி, சுத்தி இருக்க எறகக் கத்தரிக்கணும்.” வந்து எதிரே குந்தி உட்கார்ந்து டவலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நன்றாகப் பிடிக்கிறாள், இறுக்கவுமில்லை, தளர்த்தவுமில்லை. சின்னக் கத்தரியால் பின்மண்டையைச் சுற்றி இறகை ஒட்ட வெட்டினேன். முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை நாள் ஆகிறது. இடது புருவத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், கண் அங்கேதான் போகிறது. ஒன்றும் இல்லை. சீப்பால் வாரின மாதிரி இருக்கிறது. “இதுக்கு வலிக்காதாம்மா, கத்தவே மாட்டேங்கு.” “வலிக்கத்தான் செய்யும். கோழி வலியக் காட்டாது. காட்டிச்சுன்னா மத்ததெல்லாம் சேந்து கொத்தும்.” அவள் தலையைக் குனிந்து சேவலின் கண்ணைப் பார்த்தாள். “திரும்ப உள்ள விட்ருவியா?” “விடாம? ஆறின பொறவு விடணும்லா.” “அதுக்கு உள்ள போவ இஷ்டம் இல்லன்னா?” சேவலிடம் யாருட்டி இஷ்டம் கேட்பார்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். ஊதா மருந்தைப் பஞ்சில் நனைத்துப் பின்மண்டையில் ஒற்றினேன். சிவப்பு மொத்தமும் மறைந்து கத்திரிக்காய் நிறமாகிவிட்டது. கொண்டைக்கும் போட்டேன், குத்துக்கு வாயைச் சுற்றி மட்டும் போட்டேன். பியூலா விரலிலும் கொஞ்சம் பட்டுவிட்டது, வக்கீல் ஆபீசுக்குப் போகிற கை. “தேங்கா எண்ணெ போட்டுத் தேய்ச்சிட்டுக் குளி, போயிரும்” என்றேன். சரி என்று எழுந்து போனாள். கேட்பாளோ என்று நினைத்தேன். இப்போதும் கேட்கவில்லை.

சேவலைப் பெரிய கூடைக்கு அடியில் விட்டுச் சாக்கைப் போர்த்தினேன், இருட்டாக இருந்தால் அடங்கிக் கிடக்கும். சின்னக் கிண்ணத்தில் தண்ணீர், ஊறவைத்த கம்பு. இந்தத் தடவை அவசரம் இல்லை. மண்டையில் தோல் மூடுகிற வரைக்கும் உள்ளேதான், அதற்குப் பிறகு வலைக்கு அந்தப் பக்கம் ஒரு வாரம், முழு ஒரு வாரம், அதுவும் ஆர்.எம்.ஓ. எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துத்தான். ஒத்துவரவில்லை என்றால் நடுவில் வலையை நிரந்தரமாகவே அடித்துவிடுவேன், இரண்டு பெட்டையை இந்தப் பக்கம் பிரித்து விட்டால் போயிற்று, இடமா இல்லை. கூட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மரத்தில் கட்டிப்போட்ட ஆர்.எம்.ஓ. என்னைப் பார்த்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஒன்றும் தெரியாத மாதிரி. ஐந்தாம் நாள் தையல் பிரிக்க நான் பியூலா வீட்டுக்குப் போயிருந்தபோது ஜெபஸ்டினும் இப்படித்தான் நின்றார். அன்றைக்குப் பெரிய வியாழன். காப்பி குடிங்க அத்தை என்று அவரே போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மாடியறையில் மகளின் புருவத்திலிருந்து மூன்று நூலையும் உருவிவிட்டு, கீழே வந்து, அவர் கொடுத்த காப்பியைக் குடித்தேன். நல்ல காப்பி என்றும் சொன்னேன். தைக்கும்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்தேனே, அது சரியில்லை. மூன்றாவது தையலில் பியூலா ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது, அதனால் புருவமும் அசைந்தது, ஊசி அரை நூல் விலகிப் போனது, நான் ஊசியை வெளியே எடுத்துத் திரும்பக் குத்தினேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊசி விலகினது ஞாபகம் இருக்கும்போது சொன்னது மட்டும் எப்படி ஞாபகம் இல்லாமல் போகும்.

கையை மூன்று தடவை சோப்புப் போட்டும் ஊதா போகவில்லை. ஒன்பதரை. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. முன்னறைக்கு வந்தேன். மேஜையில் மனு இருந்தது, பேனா மேலே கிடந்தது. எடுத்துப் படிக்கக் கூடாது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பியூலா கணக்கு டீச்சர், கரும்பலகையில் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். கல்யாணத் தேதி, வேலைக்குப் போகக் கூடாது என்று சொன்னது, போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டது, எல்லாம் வரிசையாக இருந்தது. மூன்றாவது பக்கத்தில் அந்தச் சனிக்கிழமை. “என் கணவர் எவர்சில்வர் டிபன் கேரியரால் என்னை அடித்ததில் இடது புருவத்தில் காயம் ஏற்பட்டது. வீட்டிலேயே மருந்து போட்டுக்கொண்டேன். காயம் எப்படி ஏற்பட்டது என்பது என் தாயாருக்குத் தெரியாது.” நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். குற்றம் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என் தாயார் தெரிந்தும் மறைத்தார் என்று எழுதியிருந்தால், எழுதட்டும், உண்மைதானே என்று இருந்திருப்பேன். தெரியாது என்று எழுதியிருக்கிறாள். இதே மேஜைதான். மூன்றாவது தையலில், அவர் டிபன் கேரியரால் அடித்தார்ம்மா என்று சொன்னாள். அழவில்லை, கத்தவில்லை, மெதுவாகச் சொன்னாள். நான் சொன்ன பதிலும் எனக்குத் தெரியும். தலையை ஆட்டாதே, தையல் கோணிவிடும் என்று சொன்னேன்.

பேனாவை எடுத்தேன். அந்தக் கடைசி வரியை ஒரு கோடு போட்டு அடித்தேன், கீழே இருப்பது தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு, பதிவேட்டில் தப்பை அப்படித்தான் அடிக்க வேண்டும். வீட்டிலேயே மருந்து போட்டுக்கொண்டேன் என்பதையும் அடித்தேன். பக்கத்தில் இடம் போதவில்லை, தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன். இடது புருவத்தின் மேல் மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிளந்த காயம். விளிம்பு நசுங்கியிருந்தது. மூன்று தையல். ஐந்தாம் நாள் பிரிக்கப்பட்டது. தைத்ததும் பிரித்ததும் நான். அதற்குக் கீழே, எப்படி அடிபட்டது என்று பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கும், அந்தக் கட்டத்தை நானே கோடு போட்டு வரைந்தேன். கணவர் அடித்தது, அன்றே என்னிடம் சொன்னாள் என்று எழுதினேன். முழுப் பேரும் எழுதி, நர்ஸிங் கவுன்சில் பதிவு எண்ணையும் போட்டேன். பயமாகத்தான் இருந்தது.

பியூலா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, மேஜையில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றாள். தாளை அவள் பக்கமாகத் தள்ளினேன். “வேற தாள்ல புதுசா எழுதிக்கிடலாம். வக்கீலம்மாட்ட நானும் வாரேன்” என்றேன். நின்றபடியே படித்தாள். முன்பக்கம் படித்தாள், திருப்பினாள், பின்பக்கம் படித்தாள், கடைசி வரியைத் திரும்பப் படித்தாள். தாளை வைத்துவிட்டு எனக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். “உனக்குக் கேக்கலன்னுல்லாம்மா நெனைச்சேன்” என்றாள். “அன்னைக்கு நான் சொல்லுதேன், சரியா அந்நேரம் குக்கர் விசில் அடிச்சுது. உனக்குக் கேட்டிருக்காது, கேட்டிருந்தா நீ என்னய பஸ் ஏத்தி விட்டிருக்க மாட்டன்னு நெனைச்சேன். ரெண்டு வருசமா அப்பிடித்தாம்மா நெனைச்சிட்டு இருக்கேன்.” குக்கர் விசில் அடித்தது எனக்கு ஞாபகமே இல்லை. அடித்திருக்கலாம். ஆமாம் பிள்ளை, எனக்குக் கேட்கவில்லை, பிறகு யோசித்துப் பார்த்துத்தான் எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நம்பிவிடுவாள், நம்பத்தான் காத்திருந்தாள், இரண்டு வருஷமாக அவள் எனக்காக வைத்திருந்தது அது ஒன்றுதான். அவள் முகத்தைப் பார்த்தேன்.

“கேட்டுது” என்றேன்.